மூன்றாம் கங்குக்கு முன்

ஐன் ஸர்ஸூர், மேல் வீடு
13 பிப்ரவரி 1971, சனி

தம்பி தீஜானிக்கு, உன் மூத்தவன் லரூசி சொல்லி எழுத வைப்பது. உனக்கும் உன் வீட்டாருக்கும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

எழுதுவது நம் பூஜமாதான். காட்டிலாகா உத்தியோகம் முடிந்தபிறகு அவர் பேனாவுக்கு வேறு வேலை இல்லை. உட்கார்ந்ததுமே கேட்டார்: "உங்க ரெண்டு பேர் கூரைக்கும் நடுவுல நூத்தம்பது அடிகூட இல்ல. இதுக்கு நான் ஒரு காகிதம், கொஞ்சம் மை, ஏறி எறங்க ரெண்டு முழங்கால் செலவழிக்கணுமா?" நான் சொன்னேன்: "பதினோரு வருஷமா பேசாத வாய்யா. தொறந்தா மொதல்ல வசவுதான் வரும். நீ எழுதினா வடிகட்டி எழுதுவே."

பெருநாள் கழிந்து ஒரு வாரமாகிறது. நீ அனுப்பிய குர்பானிப் பங்கு வந்தது. என் பங்கும் உனக்கு வந்திருக்கும். நம் இரண்டு வீட்டுக்கும் இடையில் இறைச்சி போய்வருகிறது, மனிதர்கள் போய்வருவதில்லை. சரி, அதை விடு.

கடுங்குளிரின் கறுப்பு இரவுகள் முடிந்துவிட்டன. திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்துவிட்டேன், கிளைக்கு இரண்டு கண் மட்டும் விட்டு. அத்தி மரங்களின் தூரில் சுண்ணாம்பு பூசியாயிற்று. இனி மண் விழிக்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கும். வருஷத்தில் இந்த மூன்று வாரம்தான் தோட்டம் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, நானும் அல்லாஹ்விடம் ஒன்றும் கேட்பதில்லை. இருவரும் சும்மா இருப்போம். இந்த வருஷம் அப்படி இருக்க முடியவில்லை.

புதன்கிழமை செர்ரி வரிசைக்கு மேலே தரையில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். வெயிலில் விழும் வெடிப்பு வலை மாதிரி விழும். இது ஒற்றைக் கோடு. பிறை மாதிரி வளைந்து, இரண்டு முனையும் கீழே பார்த்துக் கிடக்கிறது. அகலம் இரண்டு விரல். அதற்குக் கீழே உள்ள ஏழு செர்ரி மரமும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, தொழுகையில் ருகூவுக்குக் குனியப் போகிறவர்கள் மாதிரி. வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, நடுவே ஆட்டு மயிர்க் கயிற்றைத் தொய்வாகக் கட்டிவைத்திருக்கிறேன்.

என் வீடு பாறைமேல் இருக்கிறது. உன் வீடுதான் அந்த மண்ணுக்கு நேர் கீழே.

மலைக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அது வெளியேற அப்பா வெட்டிய கல் வடிகால் உன் வாசலுக்கு எதிரே போய் ஓடையில் விழும். நீ அதை மூடி அவரைப் பாத்தி போட்டாய். அதற்காக நான் உன் வேலியைப் பிடுங்கினேன். நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொன்னேன். எல்லாம் கிடக்கட்டும். இப்போது அதைத் திறக்க வேண்டும். உன் பாத்தியில் ஓர் ஆள் நீளத்துக்குத் திறந்தால் போதும். மீதிக் கல்லெல்லாம் உள்ளே அப்படியேதான் இருக்கும். சரி என்று ஒரு வரி எழுது.

லரூசி
(கட்டைவிரல் ரேகை)

*

கீழ் வீடு
16 பிப்ரவரி 1971

ஜனாப் லரூசி அவர்களுக்கு, ஸலாம்.

உங்கள் காகிதம் கிடைத்தது. பூஜமாவின் கையெழுத்து காட்டிலாகா அபராதச் சீட்டு போலவே இருக்கிறது. விஷயமும் ஏறக்குறைய அதுதான்.

அவரை பூத்து நிற்கிறது. பதினோரு வருஷம் எரு போட்டுப் பழக்கிய மண். வேலியைப் பிடுங்கி ஆகாததை வெடிப்பைக் காட்டிச் செய்யப் பார்க்கிறீர்களோ என்று நான் நினைத்தால் தப்பு என்னுடையதா? இத்தனை வருஷமாக அந்த வடிகால் மூடித்தான் கிடக்கிறது. மலை அங்கேயே நிற்கிறது, நானும் இங்கேயே இருக்கிறேன்.

அது போகட்டும். இப்போது மண்ணில் இரும்பு வைக்கச் சொல்கிறீர்களே, குளிரை விரட்ட வானத்திலிருந்து விழும் மூன்று நெருப்புக் கங்குகளில், காற்றில் விழ வேண்டிய முதல் கங்கே இன்னும் விழவில்லை. அது இருபதாம் தேதி. தண்ணீருக்கு இரண்டாம் கங்கு இருபத்தேழாம் தேதி. மண்ணுக்கு மூன்றாம் கங்கு மார்ச் ஆறாம் தேதி. அதுவரை மண் தூங்குகிறது, தூங்குகிறதை வெட்டக் கூடாது என்பது அப்பாவின் சொல். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எதையும் மறக்காததுதானே நம் வீட்டு வியாதி.

இன்னொரு செய்தி. என் மகன் நூரியின் மனைவி நஜியாவுக்கு ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. பெயர் வர்தா. உங்களுக்குச் சொல்லியனுப்பாதது மறதியால் அல்ல.

தீஜானி

*

மேல் வீடு
21 பிப்ரவரி 1971, ஞாயிறு

தம்பி தீஜானிக்கு,

வர்தா நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். நீ சொல்லியனுப்பாவிட்டால் எனக்குத் தெரியாதா? பிறந்த அன்று வெள்ளிக்கிழமை, பாங்குக்கு முன்னால். குலவைச் சத்தம் மேலே வரை வந்தது. மூன்று என்று எண்ணினேன். ஆணாக இருந்திருந்தால் ஏழு. பிள்ளை பெற்றவளுக்கு வெண்ணெயும் காய்ந்த அத்தியும் பூஜமாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் அதைத் திருப்பி அனுப்பாதே. தின்னப்போவது நீ அல்ல.

நேற்று முதல் கங்கு விழுந்தது. சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்தபோதே தெரிந்தது. மூச்சு விட்டால் புகை வரவில்லை. பாதாம் மரத்தில் ஒரு தேனீ. அறுபத்தைந்து வருஷமாக அந்த முதல் தேனீயைப் பார்த்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லும். நேற்று வரவில்லை, தம்பி. மேலே போய்ப் பார்த்தேன். கயிறு தொய்வாகக் கட்டியது. விறைத்து, அறுந்து கிடந்தது. வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை இறங்குகிறது.

மலை சரிந்து புதைந்த உலத் ஜெய்து குடியிருப்பைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். நீ அப்போது பிறக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. எதிர்ச் சரிவில் நான்கு வீடு இருந்தது. ஹஸூனா, அவன் மனைவி தூனிஸ், மூன்று பெண்கள். காது கேளாத ஃபர்ஜானி. அவன் தாய். ஏர் செய்கிற மீலூதும் அவன் இரட்டையர்களும், இரண்டு மனைவியரும். விருந்துக்கு வந்திருந்த இரண்டு பேர், பெயர் யாருக்கும் தெரியவில்லை. மொத்தம் பதினான்கு. அது மழை பெய்த நாளும் அல்ல. மழை விட்டு மூன்றாம் நாள், நல்ல வெயில். தூனிஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் முன்கூட்டியே கத்தின என்று பிறகு ஊரெல்லாம் சொன்னார்கள். கத்தவில்லை. ஒன்றுமே கத்தவில்லை. துணி கட்டிய கயிறு மட்டும் நடந்துபோனது.

அவர்கள் வீட்டுக்கு மேலேயும் பிறை மாதிரி ஒரு கோடு இருந்தது. அப்பா பிறகு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

பூஜமா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத எழுதணுமா லரூசி? வீட்டுல பச்சை ஒடம்புக்காரி இருக்கா" என்கிறார். "அதுக்காகத்தான்யா எழுதச் சொல்றேன்" என்றேன்.

லரூசி
(கட்டைவிரல் ரேகை)

*

கீழ் வீடு
24 பிப்ரவரி 1971

லரூசி அண்ணன் அவர்களுக்கு, ஸலாம்.

வெண்ணெயைத் திருப்பி அனுப்பவில்லை. நஜியா இப்போதுதான் ருசித்துச் சாப்பிடுகிறாள் என்று மப்ரூக்கா சொன்னாள். என் மனைவி என்மேல் இத்தனை வருஷமாகச் சொல்லாத புகாரையெல்லாம் அந்த வெண்ணெயை வைத்துச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை நானே மேலே வந்து பார்த்தேன். நீங்கள் ஆடுகளோடு போயிருந்தீர்கள். போகிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். வெடிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பனி இறங்கிய வருஷமெல்லாம் மண் விரியும், பிறகு சேரும். உலத் ஜெய்துக்காரர்கள் களிமண்ணில் வீடு கட்டினார்கள். அப்பாவின் வீட்டை நான் கல்லில் எடுத்துக் கட்டியிருக்கிறேன்.

சுவரில் பூச்சு கொஞ்சம் விட்டிருக்கிறது, கதவும் சரியாக மூடவில்லை. ஈரத்தில் மரம் ஊதுவது புதிதல்ல.

கங்கு மண்ணில் விழட்டும். மார்ச் ஆறு கழிந்ததும் என் பாத்தியில் நானே இரும்பு வைக்கிறேன். இதை உங்களுக்காகச் சொல்கிறேன், மலைக்குப் பயந்து அல்ல. அதற்கு முன் மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் நாற்பது நாள் முடியாத தாயும் பிள்ளையும் இருக்கும்போது மண்ணைத் திறப்பதா?

தீஜானி

*

மேல் வீடு
28 பிப்ரவரி 1971, ஞாயிறு

தம்பி,

நேற்று இரண்டாம் கங்கு தண்ணீரில் விழுந்தது. கவாத்து செய்த திராட்சை அழ ஆரம்பித்துவிட்டது. வெட்டிய நுனியிலெல்லாம் சொட்டு. மற்ற வருஷம் அந்தச் சொட்டை விரலில் எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வேன். அடியில் யாரோ விழித்துவிட்டார் என்று மனம் இளகும். இந்த வருஷம் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் மலைக்குள் நிற்கிற தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

ஊற்றுக்கு மப்ரூக்கா வந்திருந்தாள். குடத்தை வைத்துவிட்டு நின்றாள். தண்ணீர் தவிட்டு நிறத்தில் வருகிறது.

"என்ன மச்சான், ஊத்து இப்படி ஆயிடுச்சு? பிள்ளைத் துணி அலசினா கறை ஏறுது."

"உன் புருஷன்கிட்ட கேளு. படிச்சவன் அவன்தானே."

"படிச்சவரு கதவை எடுத்து எடுத்துச் செதுக்கிட்டிருக்காரு. மூணு நாளுல மூணு தடவை செதுக்கியாச்சு. இன்னும் கொஞ்சம் செதுக்கினா கதவே இருக்காது, பூனை மாதிரி நாங்க சந்துல புகுந்து போகணும்."

சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ராத்திரியில சுவர் பேசுது மச்சான். அவருக்குக் கேக்குது. கேக்காத மாதிரி ஓதுறாரு" என்றாள்.

தீஜானி, நான் ஒன்று சொல்கிறேன். நஜியாவையும் பிள்ளையையும் என் வீட்டுக்கு அனுப்பு. பாறைமேல் இருக்கிற வீடு. நான் ஆட்டுக் கொட்டிலில் படுத்துக்கொள்கிறேன். மூன்றாம் கங்கு விழுந்து, தண்ணீர் வடிந்த பிறகு கூட்டிக்கொண்டு போ.

அதற்கும் மனம் வரவில்லை என்றால் இதைக் கேள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உலத் ஜெய்து அழிந்த வருஷம் அப்பா அந்த வடிகாலை எப்போது வெட்டினார், தெரியுமா? முதல் கங்குக்கும் இரண்டாம் கங்குக்கும் நடுவில். நான் பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்தேன். முதல் வெட்டு வெட்டும்போது அழுதார். "இது தூங்குதுடா லரூசி, எனக்குத் தெரியும். ஆனா நீங்களும் தூங்குறீங்களே கீழே" என்றார். தடையைச் சொன்னவரே அதைத் தாண்டினார், தம்பி. தாண்டியதால்தான் நீ பிறக்க ஒரு வீடு இருந்தது.

நான் மூன்றாம் கங்குக்கு முன் ஒரு முள்ளுச்செடிகூடப் பிடுங்கியதில்லை. மனம் ஒப்பித்தான் கேட்கிறேனா? பாவம் இருந்தால் என் கழுத்தில் இருக்கட்டும். திறக்க விடு.

லரூசி
(கட்டைவிரல் ரேகை)

*

கீழ் வீடு
2 மார்ச் 1971

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் காகிதத்தை வாசித்தபிறகு மப்ரூக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நஜியாவிடம் சொல்லவே முடியாது.

அப்பா அழுததைச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். எனக்கு முன் பிறந்து, தொட்டிலிலேயே போன நம் அக்கா மன்னூபியா எந்த வருஷம் இறந்தாள்? அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்: உலத் ஜெய்து போன அதே வசந்தம். நாற்பது முடியும் முன்னால். இப்போதுதான் எனக்குப் புரிகிறது, அப்பா ஏன் கடைசிவரை அத்தனை கண்டிப்பாக இருந்தார் என்று. அவர் கையால் ஒருமுறை மண்ணைத் திறந்தார்; மண் நிரப்பிக்கொண்டது.

நஜியாவை அனுப்ப முடியாது. உங்கள் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஊற்று வாய்க்கால் ஓடுகிறது. நாற்பது முடியாதவள் ஓடுகிற தண்ணீரைத் தாண்டினால் பால் வற்றும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வருகிற செவ்வாயோடு நாற்பது முடிகிறது. சனிக்கிழமை மண்ணில் கங்கு விழுகிறது. இன்னும் நான்கு நாள். கெஞ்சிக் கேட்கிறேன், நான்கு நாள்.

தீஜானி

*

கீழ் வீட்டு வாசல்
5 மார்ச் 1971, வெள்ளி, லுஹர் நேரம்

தம்பி தீஜானி,

ஜுமுஆ முடிந்து வந்து பாத்தியைப் பார்த்ததும் உனக்கு என்ன வரும் என்று தெரியும். அதற்கு முன் இதைப் படி. மப்ரூக்கா கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பூஜமா நின்றபடியே எழுதுகிறார், கையெல்லாம் சேறு. எழுத்து அழிந்திருந்தால் அவளைக் கேள்.

காலையில் வெடிப்பில் இறங்கி நின்றேன், என் இடுப்பு வரை இருந்தது. ஊற்று நேற்றைவிடப் பாதிதான் வருகிறது. போக வேண்டிய தண்ணீர் போகவில்லை என்றால் எங்கே இருக்கிறது? நாளைக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தாய். நூரியும் மற்ற ஆண்களும் அங்கே. நான் பிஸ்மில்லாஹ் சொல்லி உன் பாத்தியில் முதல் வெட்டு வெட்டினேன். நாற்பது வருஷத்தில் எனக்குத் தவறிய முதல் ஜுமுஆ.

மப்ரூக்கா ஓடிவந்தாள். "மச்சான், என்ன காரியம் பண்றீங்க! அவரு வந்தா கொன்னு போட்டுடுவாரு!"

"கொல்லட்டும் புள்ள. கொல்றதுக்கு அவன் இருக்கணும்ல."

பூஜமா கடப்பாரை போட, நான் மண் வாரினேன். எழுபத்திநாலும் எழுபதும் சேர்ந்து ஓர் ஆள் வேலை. அவரைச் செடிகளை வேரோடு எடுத்து நிழலில் வைத்திருக்கிறேன், ஒன்றும் உடையவில்லை. முழங்கால் ஆழத்தில் அப்பாவின் கல் தட்டியது. மூடுகல்லைப் புரட்டினோம். தீஜானி, முதலில் காற்று வந்தது. பிறகு தண்ணீர். சாம்பல் நிறம், கஞ்சி மாதிரி தடிப்பு. ஒரு நாழிகையாக ஓடுகிறது, இன்னும் தெளியவில்லை.

மன்னூபியாவைக் கேட்டிருந்தாய். அவள் காய்ச்சலில் போனாள். அந்த மார்ச்சில் இந்த மலையில் மூன்று பிள்ளைகள் போயின. மற்ற இரண்டின் தகப்பன்மார் மண்ணைத் தொடவே இல்லை. நான் அவளைத் தூக்கி வைத்திருந்தேன், எனக்குத் தெரியும். அதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு. நீ முடிச்சுப் போடுவாய் என்று பயந்தேன். போட்டுவிட்டாய்.

என்னைத் திட்டு. அடி. ஊர் கூட்டு. ஆனால் அதை மூடாதே. மூன்று நாள் திறந்து கிடக்கட்டும். தண்ணீர் தெளிந்தபிறகு உன் இஷ்டம். மூடாதே.

லரூசி
(கட்டைவிரல் ரேகை)

*

கீழ் வீடு
5 மார்ச் 1971, வெள்ளி, அசருக்குப் பின்

அண்ணே,

பாத்தியைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே வரத்தான் கிளம்பினேன். மப்ரூக்கா குறுக்கே நின்று காகிதத்தைக் கையில் திணித்தாள். "மொதல்ல படிங்க, அப்புறம் போய் அண்ணனை வெட்டுங்க" என்றாள். மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை உட்கார்ந்து படித்தேன்.

நான் கோபமாக இல்லை. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எழுபத்திநாலு வயதில், முழங்கால் சேற்றில் நின்று, என் பேத்திக்காக நீங்கள் பாவத்தைச் சுமந்தீர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் அந்த வடிகாலை அவரைச் செடிக்காக மூடவில்லை. அப்பா எனக்குப் படிப்பைக் கொடுத்தார், உங்களுக்கு மலையைக் கொடுத்தார். வாசலைத் திறந்தால் அவரும் நீங்களும் அடுக்கிய கல்தான் தெரியும். எனக்கு அது பொறுக்கவில்லை. நேரில் இன்னும் நன்றாகச் சொல்வேன்.

ஆனால் அண்ணே, நஜியா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். ஆள் நீளத்துக்குத் திறந்த குழி, வீட்டுக்கு எதிரே, உள்ளே நாற்பது முடியாத பிள்ளை. அவளுக்கு என்ன தோன்றும், சொல்லுங்கள். பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு, "மூடுங்க மாமா, மூடுங்க" என்று ஒரே அழுகை. மப்ரூக்கா வேண்டாம் என்றாள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் பெற்றவளின் பயத்தைத்தான் பார்த்தேன். பயத்தில் பால் நின்றுபோனால் யார் பதில் சொல்வது?

மூடிவிட்டோம். நூரியும் அவன் மச்சான்கள் நான்கு பேரும் சேர்ந்தார்கள். நீங்கள் சொன்னது உண்மை, தண்ணீர் கொஞ்சநஞ்சம் அல்ல. போடப் போட மண்ணை வாரிக்கொண்டு போனது. கன்றுக்குட்டி மாதிரி முட்டியது. கடைசியில் நூரி பழைய செக்குக் கல்லை உருட்டிவந்து வாயில் தள்ளினான். அதற்குப் பிறகு அடங்கிவிட்டது. மேலே மண்ணைக் கொட்டி ஐந்து பேரும் மிதித்து இறுக்கினார்கள். உங்கள் பூஜமா வேலி ஓரத்தில் நின்றுகொண்டு, "படிச்சவனே, படிச்சவனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவம், களைத்துப்போயிருக்கிறார். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

நஜியா இப்போது தூங்குகிறாள். பிள்ளை பால் குடித்தது. கதவுகூட இன்று அசர் தொழுதுவிட்டு வந்தபோது தானாகவே மூடிக்கொண்டது, செதுக்காமலே. நாளைக் காலை மண்ணில் கங்கு விழும். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் நானும், வேறு யாரும் வேண்டாம், ஒழுங்காக பிஸ்மில்லாஹ் சொல்லி, அப்பாவின் கல்லைத் திறப்போம். செவ்வாய்க்கிழமை நாற்பதுக்கு மப்ரூக்கா எள்ளும் தேனும் இடிக்கப் போகிறாள். பிள்ளையை முதலில் உங்கள் மடியில்தான் வைப்பது என்று நஜியா சொல்லிவிட்டாள்.

அவரைச் செடிகளைத் திரும்ப நட்டுவிட்டோம். நீங்கள் வேரை உடைக்காமல் எடுத்திருந்தது நல்லதாயிற்று. நட்டு முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. இப்போது பலமாகப் பெய்கிறது. செடிகளெல்லாம் தலை நிமிர்ந்துவிட்டன.

இதைப் பூஜமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத வேண்டாம். வழி வழுக்குகிறது, அவரை இரண்டாம் தடவை இறங்கவிடாதீர்கள். நாளை லுஹருக்கு இங்கே சாப்பிட வாருங்கள்.

உங்கள் தம்பி,
தீஜானி